கிலோமீட்டருக்கு 40 காசு: ஆயில் சர்வீஸ் பில்லைப் பிரித்துப் பார்த்தால்

புதுக் காரின் முதல் மூன்று சர்வீஸுக்கும் லேபர் இலவசம் என்பதால் அந்த பில்லை யாரும் படிப்பதில்லை. 20,000 கிலோமீட்டரில் முதல் பெய்டு சர்வீஸ் வரும்போதுதான் எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று ஒரு தொகை கண்ணில் படும். "வெறும் சர்வீஸுக்கே இவ்வளவா?" என்று தோன்றும். அடுத்த வருடம் சிலர் தெரிந்த மெக்கானிக்கிடம் போய்விடுவார்கள். இன்னும் சிலர், "வண்டிதான் ஓடவே இல்லையே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். வாரன்டி முடிந்தபின் மெக்கானிக்கிடம் போவதில் தப்பில்லை. தள்ளிப்போடுவதுதான் காசைத் தின்னும். எவ்வளவு தின்னும் என்பது காரின் மொத்தச் செலவோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

உதாரணத்துக்கு மாருதி பலேனோ 1.2 பெட்ரோல், மேனுவல் கியர். 1197 சிசி, நான்கு சிலிண்டர், கே சீரிஸ் இன்ஜின். வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். 2024க்கு முந்தைய ஸ்விஃப்ட், டிசையர் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பது கம்பெனி போட்ட கெடு.

முழுக் கணக்கில் இன்ஜினின் பங்கு

ஷோரூம் விலை 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஏற்றிய ஆயுள் வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு 13 சதவீதம். அதாவது 91,000 ரூபாய். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் வீதம் ஐந்து வருடம் ஓட்டி, 3.91 லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் மட்டும் 4 லட்சம். விற்கும் விலை ஊருக்கு ஊர், கலருக்குக் கலர் மாறும். பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தால் நல்ல விலைதான்.

பெட்ரோலுக்கு வருவோம். கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 22.35. ஊருக்குள் டிராஃபிக், அவ்வப்போது ஹைவே என்று கலந்து ஓட்டினால் 16 என்று எடுப்பது நியாயம். லிட்டர் 101 ரூபாய் என்றால் வருடத்துக்கு 625 லிட்டர், 63,125 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 3,15,625.

ஆறு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் தவணை 12,455 ரூபாய். வட்டி மட்டும் 1,47,300 வாக்கில். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் அறிவிப்புப்படி புதுக் காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்து 10,640, அதன்பின் வருடத்துக்கு 3,416. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஐந்து வருடத்துக்கு 75,000 பிடிக்கும். ஒரு செட் டயர், ஒரு பேட்டரி, பிரேக் பேட், வைப்பர், அலைன்மென்ட் என்று 37,000.

இன்ஜின் பராமரிப்புக்கு எவ்வளவு? ஐந்து முறை ஆயில், ஃபில்டர், வாஷர். அதில் நான்கு முறைக்கு லேபர். இரண்டு ஏர் ஃபில்டர், ஒரு செட் ஸ்பார்க் ப்ளக், நடுவில் விலையேற்றம். தாராளமாகப் போட்டாலும் 20,000.

மொத்தம் 9.95 லட்சம். ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 19 ரூபாய் 90 காசு. தேய்மானம் 8 ரூபாய், பெட்ரோல் 6.31, வட்டி 2.95, இன்சூரன்ஸ் 1.50, டயர் வகையறா 74 காசு. இன்ஜின் பராமரிப்பு 40 காசு. நூற்றுக்கு இரண்டு. டோல், பார்க்கிங், வாட்டர் வாஷ் எதையும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்ஜினின் பங்கு இன்னும் இறங்கும்.

அந்த 40 காசில் சிக்கனம் பிடிப்பதால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. சர்வீஸில் ஆயிரம் ரூபாய் குறைத்தால் கிலோமீட்டருக்கு 10 காசு. ஆனால் அதே காரை ஐந்துக்குப் பதில் எட்டு வருடம் வைத்திருந்து 2.4 லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் 8 ரூபாயிலிருந்து 6.90க்கு வந்துவிடும். வட்டியும் 80,000 கிலோமீட்டருக்குப் பரவி 2.95லிருந்து 1.84 ஆகும். இரண்டும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசு மிச்சம். கடைசி மூன்று வருடத்தில் சஸ்பென்ஷன், கிளட்ச், ஏசி, இரண்டாவது செட் டயர் என்று 60,000 செலவானாலும் 75 காசுதான் திரும்பப் போகும். எட்டாவது வருடத்திலும் இன்ஜின் ஆயில் குடிக்காமல், புகை விடாமல், காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அதற்கு உத்தரவாதம் அந்த 40 காசு.

40 காசுக்குள் என்ன இருக்கிறது

இந்த இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து ஆயில் மூன்று லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். பில்லில் 3.5 லிட்டர், சில இடங்களில் 4 லிட்டர் என்றே போட்டிருப்பார்கள். டின் உடைத்தால் முழு டின்னுக்குக் காசு வாங்குவது ஒரு வகையில் ஒப்புக்கொள்ளலாம், ஆனால் மிச்ச ஆயிலை டின்னோடு கையில் கொடுக்க வேண்டும். டாப் அப் செய்ய உதவும். டிரம் ஆயில் என்றால் ஊற்றிய அளவுக்கு மட்டுமே பில்.

கிரேடு விஷயத்தில் ஊர்ப் பேச்சை நம்பக் கூடாது. "நம்ம வெயிலுக்கு தடியான ஆயில்தான் சார் நல்லது, 20டபிள்யூ-50 போட்டுடலாம்" என்பது பழைய அம்பாசிடர் காலத்து அறிவுரை. கே சீரிஸில் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், செயின் டென்ஷனர் எல்லாமே மெல்லிய ஆயிலுக்காகச் செய்தவை. மாடலையும் வருடத்தையும் பொறுத்து 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 வரும். ஓனர் மேனுவலில் இருக்கும். பல மாடல்களில் ஆயில் மூடியிலேயே அச்சடித்திருப்பார்கள். தடி ஆயில் போட்டால் இன்ஜின் உடனே பழுதாகாது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் மேலே கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் கொஞ்சம் இறங்கும்.

ஆயில் ஃபில்டர் நூறு, நூற்றைம்பது ரூபாய்ப் பொருள். ஆயில் மாற்றி ஃபில்டரை விட்டுவைப்பது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுவது மாதிரி. கழற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு ரப்பர் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும். ஸ்டார்ட் செய்ததும் ஒழுகாது. ஹைவேயில் ஆயில் பிரஷர் ஏறியதும் உள் ரப்பர் பிதுங்கி, சில நிமிடத்தில் முழு ஆயிலும் ரோட்டில் போய்விடும். அதனால்தான் நல்ல மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றியதும் அந்த முகத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பார். புது ரப்பரில் துளி ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் முகத்தைத் தொட்டபின் முக்கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கத் தேவையில்லை.

ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டுக்கு புது வாஷர் இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். போல்ட்டை முறுக்க வேண்டிய அளவு 35 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னில் "டர்ர்ர்" என்று ஏற்றினால் ஆயில் பேனின் மரை போய்விடும். இரண்டு சர்வீஸ் கழித்துத்தான் ஒழுக ஆரம்பிக்கும் என்பதால் யார் கெடுத்தது என்றும் நிரூபிக்க முடியாது. கையால் மாட்டச் சொல்லுங்கள்.

இந்த மூன்று பொருளும் சேர்த்து 1,600 முதல் 1,800 வரை. லேபர், அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்து இன்னொரு 1,800 வாக்கில். ஆக, நேர்மையான ஒரு ஆயில் சர்வீஸ் 3,500 ரூபாயைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். ஒன்பதாயிரம் ஆவது எப்படி என்பது தனிக் கதை.

பில்லில் ஏறும் விருந்தாளிகள்

எந்த கம்பெனி ஷோரூம் என்றில்லை, சர்வீஸ் அட்வைசருக்கு மாத டார்கெட் இருக்கும் இடத்தில் எல்லாம் இது நடக்கும். ஜாப் கார்டில் கையெழுத்து வாங்கும்போதே நாலு வரி கூடுதலாக ஏறியிருக்கும்.

முதல் விருந்தாளி இன்ஜின் டீகார்பனைசிங், அதாவது கரி நீக்கம். 1,500 முதல் 3,000 வரை. பலேனோவின் இன்ஜினில் பெட்ரோல் இன்டேக் போர்ட்டில்தான் தெளிக்கப்படுகிறது. வால்வின் முதுகைப் பெட்ரோல் நனைத்துக்கொண்டே இருப்பதால் அங்கே கரி கட்டி நிற்க வாய்ப்பு குறைவு. 20,000 கிலோமீட்டர் ஓடிய இந்த வகை இன்ஜினுக்கு டீகார்ப் வெட்டிச் செலவு. டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குக் கரிப் பிரச்சினை உண்மையானது. அங்கே பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. ஆனால் அதற்கும் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் மருந்து உதவாது என்பதை அதே காரணத்திலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது இன்ஜின் ஃப்ளஷ். பழைய ஆயிலோடு ஒரு பாட்டில் கலந்து பத்து நிமிடம் ஓடவிட்டு வடிப்பது. கெடு தவறாமல் ஆயில் மாற்றிய இன்ஜினுக்குத் தேவையே இல்லை. கெடு தவறி, உள்ளே தார் மாதிரி கசடு பிடித்த இன்ஜினுக்கு ஆபத்து: பெயர்ந்து வரும் கசடு ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் பிரஷர் விழுந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று தடவை ஆயில் மாற்றி மெதுவாகக் கழுவுவதே பாதுகாப்பு.

இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடியைக் கிளீன் செய்வது மோசமில்லை, நேரம்தான் முக்கியம். சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்கினாலோ, ஏசி போட்டதும் வண்டி அணைய வந்தாலோ செய்யலாம். 40,000க்கு முன் வழக்கமாகத் தேவைப்படாது. செய்தபின் ஐடில் நிலைப்படாவிட்டால் ஸ்கேனர் வைத்து ரீலேர்ன் செய்ய (இன்ஜினின் கம்ப்யூட்டருக்குப் புது நிலையைக் கற்றுக்கொடுக்க) வேண்டியிருக்கும்.

இன்ஜின் டிரெஸ்ஸிங் என்று ஒரு வரி இருக்கும். பானட்டுக்குள் பிளாஸ்டிக் மீது பளபளப்புத் தடவுவதற்குப் பெயர் அது. இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், அண்டர்பாடி கோட்டிங், டெஃப்லான், ஃப்யூயல் அடிட்டிவ் என்று இன்னும் வரிசை நீளும். கேபின் ஃபில்டரை மட்டும் இவற்றோடு சேர்த்து வெட்டிவிடாதீர்கள். அது அடைத்தால் ஏசி காற்று குறையும். ஆனால் க்ளவ் பாக்ஸைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் வீட்டிலேயே மாற்றக்கூடியது.

இப்படி ஒரு சர்வீஸுக்கு 4,500 ரூபாய் கூடினால் ஐந்து சர்வீஸுக்கு 22,500. இன்ஜினுக்கு ஐந்து வருடத்தில் உண்மையிலேயே தேவைப்பட்ட 20,000ஐ விட அதிகம். சர்வீஸ் செலவு அதிகம் என்று புலம்புகிறவர்களில் பலர் புலம்புவது இந்த இரண்டாவது தொகைக்காக. அதை நிறுத்த வண்டியைக் காயப்போடத் தேவையில்லை. ஜாப் கார்டில் "மேனுவலில் உள்ள வேலை மட்டும், மற்றது போனில் கேட்டபின்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

தள்ளிப்போட்டால்

வண்டி ஓடவில்லை, வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் என்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மார்க்கெட் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். பிஸ்டன் வழியாகக் கசிந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் அறிகுறி அதுதான். கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் அது வேறு வியாதி, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். இப்படி ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டரைப் பார்க்கக் கூடாது, காலண்டரைப் பார்க்க வேண்டும். மேனுவலில் கடினமான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணையே உண்டு: தூசி, சின்னச் சின்ன ஓட்டம், நிறைய ஐடில் எல்லாம் அதில்தான் வரும்.

கெடு தாண்டிய ஆயில் முதலில் கெடுப்பது பிஸ்டனின் ஆயில் ரிங்கை. ரிங்கின் துளைகளில் கரி அடைத்து அது இறுகிவிட்டால் சுவரிலிருந்து ஆயிலை வழிக்க முடியாது. ஆயில் எரியும், அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் இறங்கும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. கூடவே ஆயில் பிரஷரில் இயங்கும் செயின் டென்ஷனரும் தளரும். ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நொடி "கர கர" என்று சத்தம் கேட்கும். செயின் ஆயுள் முழுக்க வரும் என்று சொல்வது ஆயிலை ஒழுங்காக மாற்றுகிறவர்களுக்கு மட்டும். செயின், டென்ஷனர், கைடு செட் மாற்ற ஐந்து இலக்கத்தில் செலவாகும். ரிங் மாற்றுவதென்றால் இன்ஜினை இறக்கி ஹெட்டைப் பிரிக்க வேண்டும். சிலிண்டரும் தேய்ந்திருந்தால் அரை லட்சத்துக்குக் குறையாது. தவிர்த்த ஒரு ஆயில் சர்வீஸின் விலையைப் போலப் பதினைந்து மடங்கு.

கூலன்ட்டிலும் இதே கதை, இன்னும் வேகமாக. இப்போது வரும் நீண்ட ஆயுள் கூலன்ட் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கும். அதைக் கெடுப்பது நம் தண்ணீர். அளவு குறைந்தால் பெட்ரோல் பங்க் குழாயில் பிடித்து ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் அரிக்கும், வாட்டர் பம்ப் சீலைத் தின்னும். ஒரு லிட்டர் ரெடிமிக்ஸ் கூலன்ட் சில நூறு ரூபாய். அதுவும் மேனுவலில் சொன்ன அதே வகையாக இருக்க வேண்டும், நிறம் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. டெம்பரேச்சர் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக வந்தபின் "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டினால் ஹெட் வளையும், லேத்தில் கொடுத்து முகம் சீவ வேண்டியிருக்கும்.

ஸ்பார்க் ப்ளக் நிக்கல் வகையா இரிடியமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கல் என்றால் 40,000 கணக்கு. இரிடியம் அதைப் போல இரண்டு மடங்கும் போகும். ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு: அடைத்தால் மைலேஜ் பாதியாகும் என்று. கார்புரேட்டர் காலத்தில் சரி. இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்று குறைந்தால் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும்; பிக்கப்தான் முதலில் அடிபடும். கிழிந்த ஃபில்டர்தான் ஆபத்து, தூசி நேராக சிலிண்டருக்குப் போகும். எலி கடித்த ஃபில்டர்கள் ஒர்க்‌ஷாப்பில் தினமும் பார்க்கக்கூடிய காட்சி.

எங்கே கொடுப்பது

வாரன்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். மாருதி 2024 ஜூலையில் வாரன்டியை 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்று உயர்த்தியது. வெளியே சர்வீஸ் செய்தால் வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராகச் சொன்ன உத்தரவும் இருக்கிறது. ஆனால் அது அப்புறம் வழக்குகளில் நீண்டது. கியர்பாக்ஸ் க்ளெய்முக்காக நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் சட்டம் பேச யாருக்கும் பொறுமை இருக்காது. மூன்று வருடத்துக்குக் கூடுதல் லேபர் என்பது வாரன்டிக்குக் கட்டும் சந்தா என்று எடுத்துக்கொள்ளலாம். விற்கும்போதும் கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இருந்தால் பேரம் பேச வலு.

இங்கே பலவீனம் வேலையின் தரத்தில். சனிக்கிழமை ஐம்பது வண்டி வரும் இடத்தில் ஃபில்டர் மாற்றினாரா, துடைத்து வைத்தாரா என்று தெரியாது. பழைய ஃபில்டரையும் ப்ளக்கையும் டிக்கியில் போடச் சொல்லுங்கள். முடிந்தால் வார நாளில், காலை முதல் ஸ்லாட்டில் விடுங்கள்.

வாரன்டி முடிந்தபின் நல்ல தனியார் ஒர்க்‌ஷாப்தான் என் தேர்வு. லேபர் பாதியளவு, வேலை கண் முன்னால். பாகங்களை நாமே வாங்கிக் கொடுக்கலாம்: கம்பெனியின் ஜென்யூன் பார்ட்ஸ் கடைகள் பல ஊர்களில் உண்டு. ஹாலோகிராம், எம்ஆர்பி, பாக எண் மூன்றையும் பாருங்கள். போலி பெரும்பாலும் ஆயில் ஃபில்டரில்தான் வரும். உள்ளே காகித மடிப்பு கம்மியாக, எடை லேசாக இருக்கும். சென்னையில் ஜிபி ரோடு மாதிரி இடங்களில் பில் கேட்டு வாங்கினால் பயமில்லை. புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் கதவு, லைட், கண்ணாடி வாங்கலாம். இன்ஜினுக்குள் போகிற எதையும் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய ஸ்டாக்கைப் பழைய விலைக்கே விற்கப் பார்த்தால் கேளுங்கள்.

ஆப்பில் புக் செய்யும் மல்டி பிராண்ட் சர்வீஸ்கள் இரண்டுக்கும் நடுவில். பேக்கேஜ் விலை கவர்ச்சியாக இருக்கும். எந்த ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி போகிறது என்பதுதான் சீட்டுக்குலுக்கல். அவர்கள் போடும் ஆயிலின் பிராண்டும் கிரேடும் புக்கிங்கில் எழுத்தில் இல்லையென்றால் தவிர்த்துவிடலாம்.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள்

டயரில் காற்று குறைந்து, சும்மா ஐடிலில் ஏசி போட்டு நின்று மைலேஜ் 16லிருந்து 15க்கு வந்தால் வருடத்துக்கு 41 லிட்டருக்கு மேல் வீண். 4,200 ரூபாய், ஒரு முழு ஆயில் சர்வீஸை விட அதிகம். மாதம் இருமுறை காற்றுப் பிடிக்க ஆகும் செலவு பூஜ்ஜியம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலிலும் மைலேஜ் கொஞ்சம் அடிபடும். அது நம் கையில் இல்லை.

இன்சூரன்ஸில் சின்னச் சின்ன கீறலுக்கு க்ளெய்ம் போடாமல் இருந்தால் நோ க்ளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். மூவாயிரம் ரூபாய் பம்பர் பெயின்ட்டுக்காக 45 சதவீதத்தை இழப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு ஆட் ஆனை (கூடுதல் காப்பீட்டை) மட்டும் கரையோர ஊர்களில் வெட்டாதீர்கள்: இன்ஜின் ப்ரொடெக்ட். சாதாரண பாலிசியில், தண்ணீர் உறிஞ்சி இன்ஜின் பூட்டிக்கொள்ளும் சேதத்துக்குப் பணம் வராது என்பதே வழக்கம். சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் நீரில் நின்ற கார்களுக்குத் தண்ணீர் மட்டும் எமனாக வரவில்லை. வடிந்ததும் ஓடுகிறதா பார்க்கலாம் என்று செல்ஃப் அடித்ததும்தான். தண்ணீர் அமுங்காத பொருள். பிஸ்டன் மேலே வர, கனெக்டிங் ராட் வளையும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, டோ செய்து கொண்டுபோங்கள். சாவியைத் தொட்டால் ஆட் ஆன் இருந்தாலும் க்ளெய்மில் தகராறு வரும்.

டீசல் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன 40 காசை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயில் அளவு அதிகம், டீசல் ஃபில்டர் தனி. பிஎஸ்6 வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வேறு. ஊருக்குள் மட்டும் ஓடினால் புகைக்கரி எரிந்து தீராமல் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஹைவே ஓட்டம் கொடுக்க முடியாதவர்கள் டீசல் பக்கம் போகவே வேண்டாம்.

வண்டியை எடுக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் எடுத்துப்போகாதீர்கள். கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். அங்கேயே வடிக்கச் சொல்லுங்கள். பிறகு கீழே குனிந்து ட்ரெய்ன் போல்ட்டையும் ஃபில்டரையும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்து, பில்லில் உள்ள ஆயில் கிரேடும் லிட்டர் அளவும் ஜாப் கார்டோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்தபின் பணம் கட்டுங்கள். பாகங்களின் பில்லையும் லேபர் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரின் சிஸ்டத்தில் இருக்கிறது என்று சொல்வார்கள், டீலர் கடையை மூடினால் அதைத் தேடி எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை.